புடாபெஸ்ட்: மூன்று பகல், இரண்டு காகிதம்

டிசம்பர் 31 காலாண்டுக் கணக்கு முடிப்பு. அந்த வாரத்தில் லீவு கேட்க எந்த வங்கிக்காரனுக்கும் வாய் வராது. அதனால் எங்கள் வீட்டுக் குளிர்காலப் பயணம் எப்போதுமே பொங்கல் கழிந்துதான். புனேவாசிகளான எங்களுக்குப் பயணம் என்றால் இதுவரை கும்பகோணம், மாயவரம், குலதெய்வம் கோயில், திரும்பி வரும் ரயிலில் ஒரு மூட்டை அப்பளம் வடாம். இந்தத் தடவை மகளுக்கு செமஸ்டர் லீவு. "ஒரே ஒரு தடவை ஐரோப்பா" என்று ஆரம்பித்துவிட்டாள். தங்கமணியும் அவள் பக்கம் சாய்ந்துவிட்டதால் எதிர்க்கட்சியே இல்லை.

நான்கு இரவு, மூன்று பகல், ஒரே ஊர். இதுதான் எங்கள் வரம்பு. வியன்னா பட்ஜெட்டில் அடிபட்டது. பிராக் போய் வந்தவர்கள் தெருவுக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். ஹங்கேரியின் தலைநகரம் புடாபெஸ்ட் என்று முடிவானது. வீட்டில் மற்ற இருவருக்கும் அங்கே இருக்கும் வெந்நீர்க் குளங்கள் காரணம். எனக்குக் காரணம் இரண்டு காகிதங்கள். இரண்டும் ஒரே ஊரில், இரண்டு வருட இடைவெளிக்குள் புழங்கியவை. ஒன்றில் அரசாங்கத்தின் முழு அதிகாரமும் இருந்தது, ஆனால் அதற்கு ஒரு முட்டைகூடக் கிடைக்கவில்லை. இன்னொன்றுக்குச் சட்டப்படி பலமே கிடையாது, ஆனால் அது உயிர்களைக் காப்பாற்றியது. இந்த இரண்டையும் வைத்துத்தான் மூன்று நாட்களையும் பிரித்திருக்கிறேன். ஜனவரியில் போவதும் பொருத்தமே. அந்த நகரத்தின் மோசமான நாட்கள் எல்லாம் அதே குளிரில்தான் நடந்தன.

முதலில் கொஞ்சம் பின்னணி. இரண்டாம் உலகப் போரில் ஹங்கேரி ஜெர்மனியின் கூட்டாளி. நடுவில் கழன்றுகொள்ளப் பார்க்கிறது என்று தெரிந்ததும் 1944 மார்ச் 19 அன்று ஜெர்மன் படை உள்ளே வந்தது. மே 15 முதல் ஜூலை 9 வரை, இரண்டு மாதத்துக்குள், சுமார் 4,37,000 யூதர்களை ரயிலேற்றி அனுப்பினார்கள். பெரும்பாலோர் போய்ச் சேர்ந்தது ஆஷ்விட்ஸ். ரயிலேற்றியதில் ஹங்கேரியின் சொந்த அதிகாரிகளுக்கும் போலீசுக்கும் பெரிய பங்கு உண்டு. மிச்சம் இருந்தது தலைநகர யூதர்கள்தான். அக்டோபர் மத்தியில் அம்புச் சிலுவைக் கட்சி என்ற உள்ளூர் நாஜிகள் ஆட்சியைப் பிடித்தார்கள். டிசம்பர் 26-ல் சோவியத் படை நகரத்தை முழுவதுமாகச் சூழ்ந்துகொண்டது. 1945 பிப்ரவரி 13 வரை, ஐம்பது நாள் முற்றுகை. பொதுமக்கள் மட்டும் சுமார் 38,000 பேர் செத்தார்கள்.

முதல் நாள்: ஆற்றங்கரை

டான்யூப் ஆற்றுக்கு மேற்கே புடா, மேடான பகுதி. கிழக்கே பெஸ்ட், சமதளம். இரண்டையும் இணைக்கும் சங்கிலிப் பாலம் 1849 நவம்பர் 20 அன்று திறக்கப்பட்டது. 1945 ஜனவரி 18-ல் பின்வாங்கிய ஜெர்மானியர்கள் அதைத் தகர்த்தார்கள். அந்தப் போரில் நகரத்தின் டான்யூப் பாலம் ஒன்றுகூடத் தப்பவில்லை. சங்கிலிப் பாலத்தைத் திரும்பக் கட்டி 1949-ல் அதே நவம்பர் 20 அன்று, சரியாக நூறு வருடம் கழித்து, மறுபடி திறந்தார்கள். தேதி விஷயத்தில் நம்மைப் போலவே பிடிவாதக்காரர்கள்!

பாலத்திலிருந்து பெஸ்ட் கரையோரமாக நாடாளுமன்றத்தை நோக்கி நடந்தால் இரும்பில் செய்த 60 ஜோடிக் காலணிகள் வரிசையாக இருக்கும். 2005-ல் வைத்த நினைவுச் சின்னம். அம்புச் சிலுவைக்காரர்கள் யூதர்களை இந்தக் கரையில் நிறுத்தி, காலணியைக் கழற்றச் சொல்லி, சுட்டு ஆற்றில் தள்ளினார்கள். காலணிக்கு விலை இருந்தது, அதனால் கழற்றச் சொன்னார்கள். அவற்றில் குழந்தைகளின் காலணிகளும் உண்டு.

ஜனவரியில் நாலு, நாலரைக்குள் இருட்டிவிடும். அதனால் இதை மத்தியானத்துக்கு முன்பே வைத்திருக்கிறேன். விளக்கு போட்ட நாடாளுமன்றத்தை மாலையில் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாம் நாள்: முதல் காகிதம்

டோஹான்ய் தெரு யூதக் கோயில் 1859-ல் கட்டியது. ஐரோப்பாவிலேயே பெரியது, சுமார் 3,000 பேர் உட்காரலாம். சனிக்கிழமை பார்வையாளருக்கு மூடியிருக்கும், அதற்கேற்ப நாளை மாற்றிக்கொள்ளுங்கள். இந்தப் பகுதியைத்தான் 1944 கடைசியில் வேலியடைத்து சுமார் 70,000 பேரை உள்ளே அடைத்தார்கள். அந்தக் குளிரில் பசியிலும் நோயிலும் இறந்தவர்களில் 2,000-க்கும் மேற்பட்டவர்கள் கோயில் முற்றத்திலேயே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். யூத மரபில் வழிபாட்டு இடத்தில் புதைக்கும் வழக்கம் கிடையாது. வேறு வழி இல்லாமல் போனது. 1945 ஜனவரி 18 அன்று சோவியத் படை வந்து அந்த வேலியைத் திறந்தது.

இங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில், வடாஸ் தெருவில், "கண்ணாடி வீடு" என்ற கட்டடம். ஒரு கண்ணாடி வியாபாரியின் இடம். சுவிட்சர்லாந்தின் துணைத் தூதர் கார்ல் லுட்ஸ் அதைத் தன் தூதரகத்தின் ஒரு பிரிவு என்று அறிவித்து, சுமார் 3,000 பேரை உள்ளே வைத்துக் காப்பாற்றினார்.

அவர் செய்த இன்னொரு காரியம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. பாலஸ்தீனம் போக 8,000 பேருக்குப் பாதுகாப்புக் கடிதம் கொடுக்க அவருக்கு அனுமதி கிடைத்திருந்தது. அவர் அதை 8,000 நபர் என்று எடுத்துக்கொள்ளாமல் 8,000 குடும்பம் என்று எடுத்துக்கொண்டார். எண்கள் 8,000 வந்ததும் திரும்ப 1-லிருந்து ஆரம்பித்தார். மறுபடி 8,000, மறுபடி 1. யாராவது கேட்டால் எண் 8,000-ஐத் தாண்டவே தாண்டாது!

காசோலை எண் இரண்டு முறை வந்தால் என்ன ஆகும் என்று வங்கியில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஆடிட்டர் கண்ணில் பட்டிருந்தால் அன்றைக்கே மெமோ. லுட்ஸுக்கும் கிட்டத்தட்ட அதுதான் நடந்தது. போர் முடிந்து ஊர் திரும்பியவருக்கு அதிகார வரம்பை மீறினார் என்ற கண்டனம்தான் முதலில் கிடைத்தது. பாராட்ட அவர் நாட்டுக்குப் பல வருடம் பிடித்தது. இன்று பழைய யூதப் பகுதியின் வாசலில் அவருக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது.

ஸ்வீடனின் ரவோல் வாலன்பெர்க் இவரைவிடப் பிரபலம். 1944 ஜூலையில் வந்தார். மஞ்சளும் நீலமுமாக, மூன்று கிரீடச் சின்னம் போட்டு, பார்த்தாலே மரியாதை வரும்படி ஒரு பாதுகாப்புச் சீட்டை வடிவமைத்தார். சர்வதேசச் சட்டத்தில் அதற்கு இடமில்லை. ஆனால் சீலும் கையெழுத்தும் பார்த்தால் விறைப்பாக நிற்கும் அதிகாரிகளின் மனசு அவருக்குத் தெரிந்திருந்தது. 1945 ஜனவரி 17 அன்று சோவியத் படையினருடன் போனவர் திரும்பவே இல்லை. இத்தாலியரான ஜோர்ஜியோ பெர்லாஸ்கா வியாபார விஷயமாக வந்தவர். ஸ்பெயின் தூதர் ஊரை விட்டுக் கிளம்பியதும், தானே ஸ்பெயின் பிரதிநிதி என்று சொல்லிக்கொண்டு சீட்டு கொடுத்தார். அவரால் பிழைத்தவர்கள் 5,000-க்கும் மேல்.

மூன்று பேரின் காகிதமும் எல்லா நேரமும் வேலை செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு ஆற்றங்கரைக்கு இழுத்துப் போனதும் உண்டு. காகிதத்தோடு ஓர் ஆளும் நேரில் வந்து நின்று வாதாடியபோதுதான் அதற்குப் பலம் கூடியது.

மூன்றாம் நாள்: இரண்டாம் காகிதம்

காலையில் புடா கோட்டை மலை. அதன் அடியில் குடைந்த பாறைக்குள் ஒரு மருத்துவமனை இருந்தது, முற்றுகைக் காலத்தில் நிரம்பி வழிந்தது. இப்போது அருங்காட்சியகம். மலையிலிருந்து இறங்கினால் செல் கால்மான் சதுக்கம். செல் கால்மான் ஒரு நிதி அமைச்சர், பிறகு பிரதமர். அந்தச் சதுக்கத்தில், பழைய தபால் மாளிகையில், 2022-ல் திறந்த பண அருங்காட்சியகம் இருக்கிறது. நான் சொன்ன நோட்டின் கதைக்குப் பொருத்தமான இடம்.

போர் முடிந்தபோது பாலம் இல்லை, ரயில் இல்லை, தொழிற்சாலைகளில் பாதி இல்லை. ஹங்கேரி 30 கோடி டாலர் போர் இழப்பீடு தர வேண்டும் என்று ஒப்பந்தம், அதில் 20 கோடி சோவியத்துக்கு. வரி வசூலோ சொற்பம். மிச்சம் இருந்த ஒரே வழி நோட்டடிப்பது. 1945 டிசம்பரில் ஒரு முயற்சி செய்தார்கள்: 1,000 பெங்கோ நோட்டு செல்ல வேண்டுமானால் 3,000 பெங்கோ கொடுத்து ஒரு வில்லை வாங்கி ஒட்ட வேண்டும். அதாவது கையில் இருப்பதில் முக்கால் பங்கு போச்சு. அதுவும் சில வாரம்தான் தாங்கியது. 1946 ஜனவரி 1-லிருந்து வரிக்கும் வங்கிக் கணக்குக்கும் "வரி பெங்கோ" என்று தனியாக ஒன்று, அதன் மதிப்பைத் தினமும் அறிவித்தார்கள். விலைவாசிக்கு ஏற்ப ஏறும் பணம் ஒன்று இருக்கும்போது சாதாரண பெங்கோவை யார் கையில் வைத்திருப்பார்கள்? அது இன்னும் வேகமாக விழுந்தது. கடைசியில் வரி பெங்கோவும் கூடவே விழுந்தது.

1946 ஜூலையில் விலைகள் சுமார் 15 மணி நேரத்துக்கு ஒரு முறை இரட்டித்தன. திங்கள் காலை 9 மணிக்கு 10 ரூபாய் விற்ற ரொட்டி, நள்ளிரவில் 20, புதன் இரவு 9 மணிக்கு 160 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதம் வெளிவந்த மிகப் பெரிய நோட்டில் 1-க்குப் பின் 20 சைபர். நம் கணக்கில் பத்து லட்சம் கோடி கோடி. நோட்டில் இத்தனை சைபர் போட இடமில்லாமல் எழுத்தில் சுருக்கி அச்சடித்தார்கள். ஆகஸ்ட் 1 அன்று புதுப் பணமான ஃபோரின்ட் வந்தது. ஒரு ஃபோரின்டுக்கு 4-க்குப் பின் 29 சைபர் போட்ட பெங்கோ. புழக்கத்தில் இருந்த எல்லா பெங்கோ நோட்டுகளையும் சேர்த்தால் ஓர் அமெரிக்க சென்ட்டில் பத்தில் ஒரு பங்கு. தெருவில் கிடந்த நோட்டுகளைத் துடைப்பத்தால் பெருக்கித் தள்ளும் புகைப்படம் ஒன்று உண்டு, பலரும் பார்த்திருப்பீர்கள்.

ஃபோரின்ட் எப்படி நின்றது? போர்க் கடைசியில் ஹங்கேரியின் தங்கக் கையிருப்பு, சுமார் 30 டன், ரயிலில் ஆஸ்திரியாவுக்குப் போய் அமெரிக்கர்கள் வசம் சிக்கியிருந்தது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் அதை அப்படியே திருப்பிக் கொடுத்தார்கள். கூடவே அரசாங்கம் செலவைக் கட்டுப்படுத்தியது, வரியைக் கறாராக வசூலித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2004-லேயே சேர்ந்தும் அங்கே இன்னும் புழங்குவது அதே ஃபோரின்ட்.

2016 நவம்பர் 8-க்கு அடுத்த நாட்களில் நான் கவுன்ட்டரில் இருந்தேன். அரிசி டப்பாவில் சேர்த்த 500 ரூபாய் நோட்டுகளை முந்தானையில் முடிந்துகொண்டு வந்த ஒரு மராட்டிப் பாட்டி, "இதெல்லாம் இனி வெறும் காகிதமா?" என்று கேட்டார். "இல்லை பாட்டி, கணக்கில் போட்டுவிடலாம்" என்று சொல்ல என்னால் முடிந்தது. 1946-ல் புடாபெஸ்டில் கவுன்ட்டருக்குப் பின்னால் இருந்தவனுக்குச் சொல்ல ஒன்றுமே இருந்திருக்காது. ஆயுசு முழுக்கச் சேர்த்த பணத்துக்குத் தீப்பெட்டிகூட வாங்க முடியாது. எத்தனை சீல், எத்தனை கையெழுத்து இருந்தாலும், பின்னால் நிற்கும் ஆள் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவான் என்றால்தான் காகிதத்துக்கு மதிப்பு. இருபது வருடம் வவுச்சரில் கையெழுத்து போட்டபின் இதை எனக்கு உறைக்கவைத்தது இந்த ஊர்தான்.

"லீவுல போய் இந்த சோகத்தை எல்லாம் பாக்கணுமாப்பா?" என்று மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. அதனால் மூன்றாம் நாள் மாலை முழுக்க அவளுக்கு. 1896-ல் ஓட ஆரம்பித்த பழைய மெட்ரோவில் ஏறி, 1913-ல் திறந்த செசேனி குளியலகம். சுற்றிலும் பனி, நடுவில் ஆவி பறக்கும் வெந்நீர், கழுத்தளவு நீரில் சதுரங்கம் ஆடும் தாத்தாக்கள். (கெல்லர்ட் குளியலகத்தைப் புதுப்பிப்பதற்காக 2025 அக்டோபரில் மூடிவிட்டார்கள்.) சைவர்களுக்கு லாங்கோஷ் கிடைக்கும், நம்ம பூரிக்கு அண்ணன் மாதிரி, மேலே சீஸும் புளித்த க்ரீமும். கோயம்புத்தூர் எலுமிச்சை ஊறுகாய் ஒரு பாட்டில் பெட்டியில் போவதாகத் தங்கமணி அறிவித்துவிட்டார்.

போக நினைப்பவர்களுக்கு: ஷெங்கன் விசா வேண்டும், ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். கிறிஸ்துமஸ் சந்தை பார்க்க டிசம்பரில் போகிறவர்கள், 24-ம் தேதிக்கு முன்பே சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், அன்றைக்குக் கடைகள் மூடியிருக்கும்.

பழைய பெங்கோ நோட்டு ஒன்று கிடைத்தால் வாங்கி வரப் போகிறேன். ஆபீஸ் மேஜைக் கண்ணாடிக்குக் கீழே, கையெழுத்து போடும்போது கண்ணில் படுகிற மாதிரி வைக்க உத்தேசம். உங்களில் யாராவது புடாபெஸ்ட் போயிருந்தால், மூன்று நாளில் நான் விட்டுவிட்டது என்ன என்று சொல்லுங்கள். டிக்கெட் இன்னும் போடவில்லை, மாற்ற நேரம் இருக்கிறது.