நாலு நிமிஷத்துக்கு ஒரு கிலோமீட்டர்

சேலத்திலிருந்து நாமக்கல் ரோட்டில் ஓட ஆரம்பிக்கிறீர்கள் என்று வையுங்கள். மல்லூர் போச்சு. ஆண்டகளூர் கேட் போச்சு. புதுச்சத்திரமும் தாண்டியாச்சு. நாமக்கல் மலைக்கோட்டைக்கு இன்னும் பத்து கிலோமீட்டர் அளவுக்குத்தான் பாக்கி. அங்கே நில்லுங்கள். அதுதான் ஒரு மாரத்தான். பஸ்ஸில் போனாலே நடுவில் ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிடலாம்.

இந்தத் தூரத்தை, இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே, நூறு வருஷத்துக்கு முன்னால் பெல்ஜியத்தில் போய் ஒரு இந்தியர் ஓடினார். சம்பளம் கிடையாது. ஸ்பான்சர் கிடையாது. பெயர் பாடெப்பா சௌகுலே. ஊர் பெல்காம். கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பரவாயில்லை, முக்கால்வாசிப் பேர் கேள்விப்பட்டதில்லை.

கதை பூனாவில் ஆரம்பிக்கிறது. 1919. டெக்கான் ஜிம்கானாவின் விளையாட்டுப் போட்டிகள். தலைவர் ஸர் தோராப்ஜி டாடா. ஜாம்ஷெட்ஜி டாடாவின் மூத்த மகன். உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓடுகிறவர்களில் நிறையப் பேர் விவசாயி வீட்டுப் பிள்ளைகள். காலில் செருப்புகூட இல்லை. முறையான பயிற்சி என்றால் என்னவென்றே தெரியாது. ஆனால் ஓடி முடித்த நேரத்தைப் பார்த்தால், ஐரோப்பாக்காரன் ஓடுகிற நேரத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது!

வேறு யாராவதாக இருந்தால் கை தட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். தோராப்ஜி விடவில்லை. இவர்களை ஏன் ஒலிம்பிக்ஸுக்கு அனுப்பக் கூடாது? பம்பாய் கவர்னர் ஜார்ஜ் லாயிடைப் பிடித்தார். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் அனுமதி வந்தது. 1920-இல் பூனாவில் தேர்வுப் போட்டிகள். ஆறு பேர் தேர்வானார்கள். நாலு ஓட்டக்காரர்கள், இரண்டு மல்யுத்த வீரர்கள். செலவுக்குப் பொதுமக்களிடம் வசூல், அரசாங்கத்தின் உதவி, போதாததற்கு தோராப்ஜியின் சொந்தப் பை.

ஒலிம்பிக்ஸ் பற்றி அப்போது இங்கே எவ்வளவு தெரியும்? ஒரு கதை சொல்வார்கள். தேர்வுக் கமிட்டி கூட்டத்தில் ஒரு பெரிய மனிதரிடம், '100 மீட்டர் ஓட எவ்வளவு நேரம் தகுதியாக வைக்கலாம்?' என்று கேட்டார்களாம். 'ஒரு நிமிஷம்... ரெண்டு நிமிஷம்?' என்றாராம் அவர். அங்கே விநாடியைப் பத்தாகப் பிளந்து கணக்குப் பார்க்கிறார்கள் என்று சொன்னதும் அசந்துபோய்விட்டாராம்!

இந்த லட்சணத்தில் கப்பல் ஏறினார்கள். லண்டனில் சில வாரம் பயிற்சி. பிறகு ஆன்ட்வெர்ப்.

முதல் உலக யுத்தம் முடிந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. பெல்ஜியம் அடிபட்டுக் கிடந்த நாடு. ஆகஸ்ட் 22. குளிர், மழை. மாரத்தானுக்கு 42.195 கிலோமீட்டர் என்று பொதுவிதி வந்தது 1921-இல்தான். அதுவரை போட்டியை நடத்துகிறவர்கள் அளந்ததுதான் தூரம். ஆன்ட்வெர்ப்பில் அளந்தது 42.75 கிலோமீட்டர். ஒலிம்பிக்ஸ் சரித்திரத்திலேயே நீளமான மாரத்தான் அதுதான்.

ஜெயித்தவர் பின்லாந்தின் ஹான்னஸ் கோலேமைனன். அமெரிக்காவில் செங்கல் அடுக்கிக் கட்டட வேலை பார்த்தவர். 2 மணி 32 நிமிஷம் 35 விநாடி. சௌகுலேயோடு புறப்பட்ட இன்னொரு இந்தியர் சதாசிவ் தாதர் பாதியில் நின்றுவிட்டார். சௌகுலே நிற்கவில்லை. 2 மணி 50 நிமிஷம் 45 விநாடியில் முடித்தார். 19-வது இடம்.

'பதக்கம் இல்லையா? அவ்வளவுதானா?' என்கிறீர்களா? கொஞ்சம் இருங்கள். பி.காம். படித்தவனுக்கு வேறென்ன தெரியும், கணக்குதான். 42.75 கிலோமீட்டரை அந்த நேரத்தால் வகுத்துப் பாருங்கள். ஒரு கிலோமீட்டருக்கு நாலு நிமிஷம், அதிலும் ஒரு இழை குறைவு. நாற்பத்திரண்டு தடவை, விடாமல்.

1896-இல் ஏதென்ஸில் முதல் ஒலிம்பிக் மாரத்தானை ஜெயித்த ஸ்பிரிடான் லூயிஸ், 40 கிலோமீட்டரை 2 மணி 58 நிமிஷம் 50 விநாடியில் ஓடியவர். அவரைவிட நம் ஆள் வேகம்! இன்னொன்று. இன்றைக்கு பாஸ்டன் மாரத்தானில் ஓடத் தகுதி வேண்டும். முப்பத்தைந்து வயதுக்கு உட்பட்ட ஆண்களுக்கு, 2026 போட்டிக்கு வைத்த வரம்பு 2 மணி 55 நிமிஷம். சௌகுலே தாராளமாக உள்ளே போயிருப்பார்.

இங்கே 'அமெச்சூர்' என்ற வார்த்தையையும் பார்த்துவிடலாம். நாம் அதை 'கத்துக்குட்டி' என்கிற அர்த்தத்தில் சொல்கிறோம். இங்கிலாந்தில் அது கௌரவப் பட்டம். காசுக்காக விளையாடாத கனவான் என்று பொருள். 1866-இல் லண்டனில் ஆரம்பித்த அமெச்சூர் அத்லெட்டிக் கிளப், கைத்தொழில் செய்து பிழைக்கிற ஆளை அமெச்சூராகவே ஏற்கவில்லை. ஓடுவதற்கு ஓய்வு வேண்டும், ஓய்வுக்குப் பணம் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கைப் பூனா பொய்யாக்கியது. வெறுங்கால் விவசாயி பிள்ளைகள் காசு வாங்காமல்தான் ஓடினார்கள். சரி, கப்பல் டிக்கெட்? அதை வேறொருவர்தான் எடுக்க வேண்டியிருந்தது.

இன்றைக்கு வெளிநாட்டில் ஓட ஒலிம்பிக்ஸ் தேவையில்லை. 1970-இல் நியூயார்க் மாரத்தான் ஆரம்பித்தபோது ஓடியவர்கள் 127 பேர். முடித்தவர்கள் 55. நுழைவுக் கட்டணம் ஒரு டாலர். இப்போது ஐம்பதாயிரம் பேருக்கு மேல் முடிக்கிறார்கள். பெர்லின், லண்டன், டோக்கியோ எல்லாவற்றிலும் இடத்துக்குக் குலுக்கல் போடும் அளவுக்குக் கூட்டம். நம்மூர் டாக்டர்கள், சாஃப்ட்வேர்காரர்கள், வியாபாரிகள் விடியற்காலையில் ஓடிப் பழகி, விசா வாங்கி, போய் ஓடிவிட்டு மெடலோடு வருகிறார்கள். நிச்சயம் பாராட்ட வேண்டிய உழைப்பு. ஆனால் செலவைக் கூட்டிப் பாருங்கள். ஷூ, கட்டணம், விமானம், ஹோட்டல்... 1866-இன் கனவான் கணக்கு பின்வாசல் வழியாக மறுபடி உள்ளே வந்துவிட்டதா இல்லையா?

கால்களுக்கு இங்கே எப்போதும் பஞ்சமில்லை. எடப்பாடிக்காரர்கள் வருஷா வருஷம் காவடியோடு பழனிக்குக் கால்நடையாகவே போகிறார்கள். வெயில், தார் ரோடு, எதுவும் பொருட்டில்லை. இந்தக் கால்களுக்கு யாராவது கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறோமா?

பார்த்தால் என்ன ஆகும் என்பதற்குச் சேலம் மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு. ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கியது. காய்கறி விற்று வளர்த்த அம்மா. பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி ஆசிரியர் பையனைக் கவனித்தார், உயரம் தாண்டச் சொன்னார். 2016-இல் ரியோ பாராலிம்பிக்ஸில் தங்கம். அப்புறம் டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம்.

பூனாவில் ஒரு கோடீஸ்வரர். பெரியவடகம்பட்டியில் ஒரு வாத்தியார். ஒருவரிடம் கப்பல் டிக்கெட்டுக்குப் பணம் இருந்தது, இன்னொருவரிடம் அது இல்லை. இரண்டு பேரும் முதலில் செய்தது ஒரே காரியம்தான். பையன்களை நின்று பார்த்தார்கள். அதற்குச் செலவு ஒரு பைசா கிடையாது.

அடுத்த தடவை உங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தைத் தாண்டிப் போகும்போது வண்டியைக் கொஞ்சம் ஓரம் கட்டுங்கள். வெறுங்காலோடு ஒரு பிள்ளை ஓடிக்கொண்டிருக்கலாம். கையில்தான் வாட்ச் இருக்கிறதே!