‘தொடாதே’ பலகை இறங்கிய கதை

அக்டோபர் 4 முதல் 10 வரை உலக விண்வெளி வாரம். 1957 அக்டோபர் 4-ல் ஸ்புட்னிக் பறந்தது. 1967 அக்டோபர் 10-ல் விண்வெளி ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. இந்த இரண்டு தேதிகளையும் சேர்த்து 1999-ல் ஐ.நா. பொதுச்சபை இந்த வாரத்தை அறிவித்தது. இதையொட்டி இஸ்ரோ மையங்கள் பல ஊர்களில் கண்காட்சி நடத்துகின்றன. நம் பிளாக்குகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. படிக்கும் வாண்டுகள் நிறைய. “இதுகளுக்கு ராக்கெட்டைப் பற்றி என்ன புரியும்? கொஞ்சம் வளரட்டும்” என்று லிஃப்டிலும் பார்க்கிலும் அடிக்கடி காதில் விழுகிறது. அருங்காட்சியகங்களும் ஒரு காலத்தில் இப்படித்தான் நினைத்தன. கண்ணாடிப் பெட்டி, கயிறு, ‘தொடாதே’ பலகை என்று இருந்த இடத்தில் குழந்தையின் கை எப்படி நுழைந்தது என்பது சுவாரசியமான வரலாறு.

அதைத் தொடங்கி வைத்தவர்களில் வானியலாளர்களும் உண்டு. பெர்லின் வானாய்வகத்தின் இயக்குநர் வில்ஹெல்ம் ஃபோர்ஸ்டரும் நண்பர்களும் 1888-ல் ‘யுரேனியா’ என்ற சங்கத்தை அமைத்தார்கள். அடுத்த ஆண்டே கட்டடம் திறந்தது. பொதுமக்கள் தொலைநோக்கியில் கண்வைத்துப் பார்க்கலாம். பக்கத்து அரங்கில் பட்டனை அழுத்தி இயற்பியல் சோதனைகளைத் தாங்களே இயக்கலாம். இன்று பட்டன் நமக்கு அலுத்துவிட்டது. அன்றைக்கு, கருவி என்றால் பேராசிரியர் தொட வேண்டிய பொருள் என்றிருந்த நாளில், அது பெரிய துணிச்சல்.

மியூனிக் நகரில் பொறியாளர் ஆஸ்கர் ஃபான் மில்லர் 1903-ல் தொடங்கிய டாய்ச்சஸ் மியூசியம் இதை இன்னும் பெரிதாகச் செய்தது. கைப்பிடியைச் சுற்றினால் இயந்திரம் ஓடும். கூரையில் நட்சத்திரங்களைக் காட்டும் முதல் ஜெய்ஸ் கோளரங்கக் கருவியும் அவர் கேட்டதால் பிறந்ததுதான். சின்னவர்களுக்கென்றே 1931-ல் லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் ஓர் அரங்கைத் திறந்தது. கொடுத்த இடம் என்னவோ அடித்தளம்தான்!

ஆனால் பட்டனில் ஒரு சிக்கல் இருந்தது. அழுத்தினால் விளக்கு எரியும், பிள்ளை அடுத்த பட்டனுக்கு ஓடிவிடும். இங்கேதான் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் வருகிறார். அணுகுண்டு ஓப்பன்ஹைமரின் தம்பி, அவரும் இயற்பியலாளர். முன்பு கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்ததற்காக 1949-ல் பல்கலைக்கழக வேலை போயிற்று. கொலராடோவில் மாடு வளர்த்தார். பிறகு அங்கேயே ஒரு சிற்றூர்ப் பள்ளியில் வாத்தியாரானார். ஊர்க் குப்பைமேட்டில் கிடந்த இயந்திர பாகங்களை வைத்தே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார். 1965-ல் ஐரோப்பா போனபோது லண்டன் குழந்தைகள் அரங்கையும் மியூனிக்கையும் பார்த்தார். 1969-ல் சான் பிரான்சிஸ்கோவில் ‘எக்ஸ்ப்ளோரடோரியம்’ திறந்தது. வேலை பறிபோகாமல் இருந்திருந்தால் அவர் குப்பைமேட்டுப் பக்கம் போயிருப்பாரா என்று எனக்கு அடிக்கடி தோன்றும். அவருடைய அரங்கில் ஒரு பொருளைப் பல விதமாக மாற்றி மாற்றிச் செய்து பார்க்கலாம். பொருள்களைச் செய்யும் பட்டறையைக்கூட வருகிறவர்கள் கண்ணில் படும்படி வைத்தார்.

நம் நாட்டில் கொல்கத்தாவின் பிர்லா தொழில்நுட்ப அருங்காட்சியகம் 1959-ல் திறந்தது. 1965-ல் பெங்களூரு விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகம் வந்தது. அதே ஆண்டில் கொல்கத்தாவிலிருந்து கண்காட்சிப் பேருந்து கிராமப் பள்ளிகளுக்குப் புறப்பட்டது. நமக்குப் பக்கத்தில் கோட்டூர்புரம் பெரியார் அறிவியல் மையம் இருக்கிறது. அங்குள்ள பிர்லா கோளரங்கம் 1988-ல் திறந்தது. திருவனந்தபுரம் போகிறவர்கள் தும்பாவை விட்டுவிடாதீர்கள். 1963 நவம்பர் 21-ல் முதல் ராக்கெட் கிளம்பிய இடம் அது. அன்று விஞ்ஞானிகளின் அலுவலகமாக இருந்த மேரி மக்தலேனா தேவாலயம் இப்போது விண்வெளி அருங்காட்சியகம்.

ஆக, சின்னப் பிள்ளைகளை அழைத்துப் போகலாமா? தாராளமாகப் போகலாம், ஆனால் எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்ற அவசரம் வேண்டாம். இம்மாதிரி இடங்களில் அடிக்கடி காணக்கிடைக்கும் மூன்று பொருள்கள் ஐந்து வயதுக்கும் போதும். முதலாவது புனல் போன்ற பெரிய கிண்ணம். காசை ஓரமாக உருட்டிவிட்டால் நடுவை நெருங்க நெருங்க வேகமாகச் சுற்றும். சூரியனுக்கு அருகிலுள்ள புதன் வேகமாகவும் தூரத்துச் சனி மெதுவாகவும் ஓடுவது இதே போலத்தான். காசு உராய்வினால் கடைசியில் குழியில் விழுகிறது, கோள்கள் விழுவதில்லை. “ஏன் விழலை?” என்று பிள்ளை கேட்டால் அங்கேயே கால் மணி நேரம் போகட்டும். அடுத்தது சுழல் நாற்காலி. சுற்றும் சைக்கிள் சக்கரத்தைக் கையில் பிடித்துச் சாய்த்தால் நாற்காலி தானாகத் திரும்பும். செயற்கைக்கோள்களும் உள்ளே இருக்கும் சக்கரங்களின் வேகத்தை மாற்றித்தான் திசை திரும்புகின்றன. இதில் மட்டும் பெரியவர் பக்கத்தில் நிற்பது அவசியம், விரல் ஆரங்களுக்குள் போய்விடும். மூன்றாவது எடை மேடை. இங்கே 18 கிலோ இருக்கும் குழந்தை நிலவில் 3 கிலோ, செவ்வாயில் ஏறக்குறைய 7, வியாழனில் 40-க்கு மேல் என்று காட்டும். பள்ளிப் பை நிலவில் எவ்வளவு கனக்கும் என்ற கேள்வி உடனே வரும்.

எனக்குப் பிடித்தது வாஷிங்டனில் உள்ள தேசிய வான்-விண்வெளி அருங்காட்சியகம் செய்த காரியம். அப்போலோ 17 வீரர்கள் 1972-ல் கொண்டுவந்த நிலாக்கல்லில் ஒரு துண்டை, 1976-ல் அருங்காட்சியகம் திறந்தபோது பெட்டிக்குள் பூட்டிவைக்காமல், வருகிறவர்கள் விரலால் தொடும்படி பதித்து வைத்தார்கள். கரடுமுரடாக இருக்க வேண்டிய எரிமலைக் கல் அது. அத்தனை விரல்களும் தேய்த்துத் தேய்த்து வழுவழுப்பாகிவிட்டது.