பாதரசத்தின் ஊர்கள்: கொடைக்கானலின் உறவுமுறை குறித்துச் சில குறிப்புகள்

1

கோயம்புத்தூர் நண்பர் ஒருவர் போன சீசனில் வந்திருந்தார். மூஞ்சிக்கல்லில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டார்: "எங்க ஊரு தென்னிந்தியாவோட மான்செஸ்டர். சிவகாசி குட்டி ஜப்பான். உங்க ஊருக்கு உலகத்துல எது ஜோடி?" நான் யோசிக்காமல் "மலைகளின் இளவரசி" என்றேன். "அது ஜோடி இல்லப்பா, பட்டம்" என்றார்.

சாதாரணப் பேச்சுத்தான். ஆனால் அந்த வித்தியாசம் என்னை விடவில்லை. மான்செஸ்டர் என்று சொல்லும்போது ஒரு ஊர் தன் உழைப்பின் பெயரால் இன்னொரு ஊரோடு உறவு கொண்டாடுகிறது. பஞ்சும் தறியும் சங்கமும் வேலைநிறுத்தமும் அந்த உவமைக்குள் இருக்கின்றன. இரண்டு ஊர்களிலும் ஆலைகள் மூடப்பட்ட பிறகும்கூட உவமை பொய்யாகிவிடவில்லை, இன்னும் பொருத்தமாகிவிட்டது என்றே சொல்லலாம். இளவரசி அப்படியல்ல. இளவரசிக்கு வேலை கிடையாது. அவள் பார்க்கப்படுபவள். எனவே இந்த ஊரில் ஒரு தொழிற்சாலை இருந்தது, பதினேழு பதினெட்டு வருஷம் ஓடியது, மூடப்பட்டது, அதன் கழிவு மண்ணில் தங்கியது என்கிற வரலாற்றுக்கு அந்தப் பட்டத்துக்குள் இடமில்லாமல் போய்விடுகிறது.

'தொழில் முடிந்த நகரம்' என்றால் நமக்கு டெட்ராய்ட்டும் பம்பாயின் கிரண்காவும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. கொடைக்கானல் வருவதில்லை. வரவேண்டும் என்பது என் வாதம்.

2

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். இந்த மலை எப்போதாவது 'தொழிலுக்கு வெளியே' இருந்ததா? 1845இல் அமெரிக்க மிஷனரிகள் சமவெளிக் காய்ச்சலுக்குத் தப்பி இங்கே வீடு கட்டினார்கள். 1863இல் வெர் லெவிஞ்ச் ஓடையை மறித்து ஏரி உண்டாக்கினார். இயற்கை அழகு என்று இன்று படகு விட்டுப் பார்ப்பது ஒரு அணைக்கட்டின் நீர். சோலையையும் புல்வெளியையும் மாற்றி வாட்டிலும் யூகலிப்டஸும் நட்டது அரசாங்கம். வாட்டில் பட்டை தோல் பதனிட, யூகலிப்டஸ் மரக்கூழுக்கு. அதாவது, மேலே பச்சையாகத் தெரிந்த மலைக்குக் கீழே உள்ள ஆலைகளோடு எப்போதுமே கணக்கு வழக்கு இருந்தது. ஆலையின் புகை மட்டும்தான் மேலே வரவில்லை.

1980களில் அதுவும் வந்தது. புகையாக அல்ல; கண்ணுக்குத் தெரியாத ஆவியாக.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் வடகோடியில் வாட்டர்டவுன் என்று ஒரு ஊர். கருப்பு ஆறு என்ற பெயருள்ள ஆற்றின் கரையில், அதன் வேகத்தை நம்பிக் காகித ஆலைகள் எழுந்த ஊர். அங்கே செஸ்ப்ரோ-பாண்ட்ஸ் நிறுவனத்தின் தெர்மாமீட்டர் தொழிற்சாலை இருந்தது. அது மூடப்பட்டு, 1983இல் கொடைக்கானலுக்குப் பெயர்க்கப்பட்டது. 1987 வாக்கில் தாய் நிறுவனம் யூனிலீவரின் கைக்குப் போனது. 1998இல் இங்குள்ள பாண்ட்ஸ் இந்துஸ்தான் லீவரோடு இணைந்தது. பெயர்ப்பலகைகள் மாறின. செயின்ட் மேரிஸ் சாலையில் இருந்த கட்டிடம் ஊர்க்காரர்களுக்கு எப்போதும் 'தெர்மாமீட்டர் கம்பெனி'தான்.

இந்தத் தொழிலின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். பாதரசம் வெளிநாட்டிலிருந்து வந்தது. கண்ணாடியும் வந்தது. செய்து முடித்த பொருள் பெரும்பாலும் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனது. மலைக்குச் சொந்தமானவை மூன்றே மூன்று: குளிர்ந்த காற்று, மலிவான கை, எதையும் வாங்கிக்கொள்ளும் மண். டேவிட் ஹார்வி மூலதனத்தின் 'இடவழித் தீர்வு' பற்றிப் பேசுகிறார். ஒரு இடத்தில் நெருக்கடி வந்தால் மூலதனம் அதைத் தீர்ப்பதில்லை, வேறு இடத்துக்கு நகர்த்துகிறது என்பது அதன் சாரம். அந்தக் கோட்பாட்டைப் படிக்க நாம் நூலகத்துக்குப் போகவேண்டியதில்லை. செயின்ட் மேரிஸ் சாலை வரை நடந்தால் போதும்.

எனவே முதல் ஜோடி வாட்டர்டவுன். ஆனால் இது ஒத்திருப்பதால் வந்த உறவல்ல, வாரிசுரிமையால் வந்தது. அந்த ஊர் தொழிலை இழந்த கதையின் அடுத்த அத்தியாயம் நம் ஊர் தொழிலைப் பெற்ற கதை. ஒரே இயந்திரம் இரண்டு ஊர்களைத் 'தொழில் முடிந்தவை' ஆக்கியிருக்கிறது, இருபது வருஷ இடைவெளிக்குள்.

3

2001 மார்ச்சில் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கிடங்கில் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி 7 டன்னுக்கு மேல் குவிந்துகிடந்ததை ஊர்க்காரர்களும், 1985 முதல் இங்கே இயங்கிவந்த பழனி மலைப் பாதுகாப்பு மன்றமும், கிரீன்பீஸ் அமைப்பும் வெளியே கொண்டுவந்தார்கள். அதே மாதம் ஆலை நின்றது. பின்னர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடவடிக்கை எடுத்தது. 2003இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்குத் திரும்பியது. தெற்கிலிருந்து வடக்குக்குக் கழிவு பயணம் செய்த அபூர்வமான சம்பவம் அது. போராட்டம் ஜெயித்த ஒரே அத்தியாயம் என்றும் சொல்லலாம்.

அந்தக் கழிவு போய்ச்சேர்ந்த இடம் பென்சில்வேனியாவில் பெத்லகேமை ஒட்டிய ஹெல்லர்டவுன். பெத்லகேம் எஃகு நகரம். 1995இல் அங்கே எஃகு உருக்குவது நின்றது. ஊதுலைகளை இடிக்காமல் நிறுத்திவைத்து, பக்கத்தில் சூதாட்ட விடுதியும் கலை மையமும் கட்டினார்கள். செத்த ஆலையின் எலும்பைக் காட்டிக் காசு பார்க்கிறார்கள் என்று கேலி செய்யலாம். ஆனால் எலும்பாவது கண்ணில் படுகிறது. நம் ஊரில் எல்லாமே காட்சி. இது ஒன்று மட்டும் காட்சியல்ல.

எல்லாக் கழிவும் கப்பலேறிவிடவில்லை. ஆலை வளாகத்துக்குக் கீழே பாம்பார் சோலை. பாம்பாறு கும்பக்கரை அருவியாக விழுந்து பெரியகுளம் பக்கம் இறங்குகிறது. அணுசக்தித் துறையைச் சேர்ந்த ஹைதராபாத் ஆய்வகம் 2006இல் வெளியிட்ட ஆய்வு கொடைக்கானல் ஏரியின் நீரிலும் வண்டலிலும் மீனிலும் பாதரசத்தை அளந்து, தொழிற்சாலையோடு தொடர்புபடுத்தியது. இளவரசியின் கண்ணாடி என்று கவிஞர்கள் வர்ணிக்கும் ஏரி அது. கண்ணாடிக்குப் பின்னால் பாதரசம் பூசுவது பழைய தொழில்நுட்பம்தான், இங்கே அது நிஜமாகிவிட்டது.

மண்ணை எவ்வளவு சுத்தம் செய்வது என்பதில் பதினைந்து வருஷத்துக்கு மேல் வழக்காடல். கிலோவுக்கு 20 மில்லிகிராம் போதும், அதற்குக் கீழே இறக்க முயன்றால் மரங்களையும் மேல்மண்ணையும் இழப்போம் என்பது ஒரு தரப்பு. ஐரோப்பாவில் இதைவிடக் கடுமையான அளவு கேட்பார்கள், எங்களுக்கு மட்டும் ஏன் இது என்பது இன்னொரு தரப்பு. 'சுத்தம்' என்ற சொல்லின் அர்த்தம் தேசத்துக்குத் தேசம் மாறுகிறது என்பதை இவ்வளவு அப்பட்டமாக வேறு எந்த எண்ணும் சொன்னதில்லை.

உடலின் கணக்கும் இதே மாதிரி. தொழிலாளர்கள் 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். தொழிலாளர் உடல்நலக் கேட்டை நிறுவனம் மறுத்தது. நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு போதிய ஆதாரமில்லை என்றது. 2011இல் மத்திய தொழிலாளர் அமைச்சக அறிக்கை பாதிப்பு உண்டு என்றது. 2015இல் சோபியா அஷ்ரஃப் பாடிய ராப் காணொளி உலகமெங்கும் பரவிய பிறகு, 2016 மார்ச்சில் 591 பேருடன் சமரசம். தொகை வெளியிடப்படவில்லை. மனிதாபிமானம் என்றார்கள். மனிதாபிமானம் வந்தால் குற்றம் என்ற சொல் வெளியே போய்விடும், சமரசத்தின் இலக்கணம் அது.

4

இனி தூரத்து உறவுகள். பாதரசத்துக்கு உலகில் சில தலைநகரங்கள் உண்டு. ஸ்பெயினின் அல்மாதென்: இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் தோண்டியது, கைதிகளையும் அடிமைகளையும் தோண்டவைத்தது. ஸ்லோவேனியாவின் இத்ரியா: 1490இல் தொடங்கி ஐந்நூறு வருஷம். 2012இல் இரண்டும் சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாயின. பெருவின் ஹுவான்காவெலிகா: பொத்தோசியின் வெள்ளியைப் பிரிக்கப் பாதரசம் தந்த ஊர்; மலைப் பூர்வகுடிகளைக் கட்டாய வேலைக்கு இழுத்து விழுங்கிய சுரங்கம். இந்த மூன்று ஊர்களுக்கும் தாது காலுக்கடியில் இருந்தது. நம் மலையில் ஒரு துளி தாதுகூடக் கிடையாது. இந்தப் பட்டியலில் சேர்வதற்காக நாம் பாதரசத்தை இறக்குமதி செய்யவேண்டியிருந்தது!

கனெக்டிகட்டின் டான்பரி வேறு வகை. தொப்பி நகரம். விலங்கு மயிரைப் பதப்படுத்தப் பாதரசம் உபயோகித்தார்கள். தொழிலாளர்களின் கை நடுங்கியது. அந்த நடுக்கத்துக்கு ஊரின் பெயரையே வைத்தார்கள், 'டான்பரி நடுக்கம்'. 1941இல்தான் அந்த முறை நின்றது. நோய்க்கு ஊர்ப்பெயர் கிடைப்பது அவமானமா, அங்கீகாரமா? இரண்டுமே என்று தோன்றுகிறது.

இதற்குப் பதில் சொன்ன ஊர் மினமாட்டா. சிஸ்ஸோ நிறுவனம் 1932இலிருந்து 1968வரை கடலில் விட்ட பாதரசம் மீன் வழியாக மனிதர்களை அடைந்தது. 1956இல் நோய் அதிகாரபூர்வமாக அறியப்பட்டது. ஊரோ கம்பெனியை நம்பி வாழ்ந்தது. எனவே பாதிக்கப்பட்ட மீனவர்கள்தான் ஊருக்கே எதிரிகளாகப் பார்க்கப்பட்டார்கள். "ஊர் பேர் கெட்டுடும்" என்பது ஜப்பானிய மொழியிலும் சொல்லக்கூடிய வாக்கியம்தான். இங்கே "சீசன் கெட்டுடும்" என்கிறோம். அரிசியும் பருப்பும் சீசனில் வருகிற ஊருக்கு அந்தப் பயம் போலியானதல்ல, அதை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் மினமாட்டாவில் 1993இல் அருங்காட்சியகம் திறந்தார்கள். 1994இல் மேயர் யோஷி மசசுமி பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அவிழ்ந்த படகுகளை மறுபடி ஒன்றோடொன்று கட்டுவது என்ற மீனவர் வழக்கை எடுத்து ஊரைச் சேர்த்துக்கட்டப் பேசினார்கள். 2013இல் பாதரசத்துக்கு எதிரான உலக உடன்படிக்கைக்கு அந்த ஊரின் பெயரே வைக்கப்பட்டது. களங்கம் சட்டமானது.

நம் மலைத்தொடர்களுக்குள்ளேயே ஒரு ஜோடி இருக்கிறது: ஊட்டி. 1960இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலையும் மலைக்காற்றை நம்பி வந்ததுதான். அரசு ஆலை, பெருமையோடு ஊர்ப்பெயராகவே மாறிய இந்து நகர். அதுவும் முடிந்துபோனது. ராணிக்கும் இளவரசிக்கும் நிஜமான சொந்தம் தாவரவியல் பூங்காவில் இல்லை, பூட்டிய கேட்டில் இருக்கிறது.

5

உவமை சொல்வது விளையாட்டல்ல. ஒரு ஊர் யாரைத் தன் உறவு என்கிறதோ அவர்களிடமிருந்துதான் அது வாழக் கற்றுக்கொள்கிறது. சுவிட்சர்லாந்து என்று சொன்னால் இன்னும் நாலு ரிசார்ட் கட்டலாம். மினமாட்டா என்று சொன்னால் சில கடமைகள் வரும்: பழைய தொழிலாளர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் தொடர்ந்த மருத்துவக் கண்காணிப்பு, ஏரி மீனையும் பாம்பாறு வண்டலையும் வருஷாவருஷம் அளந்து தமிழில் ஊர்ச்சுவரில் ஒட்டுவது, அந்த 591 பேரின் வேலையைப் பற்றி ஒரு அறையாவது. 2024 மே முதல் உயர் நீதிமன்ற உத்தரவால் இ-பாஸ் எடுத்து மலையேறும்படி ஆனது. எத்தனை வண்டியை மலை தாங்கும் என்று எண்ணத் தெரிந்த நாம், எவ்வளவு பாதரசத்தை அது தாங்கிக்கொண்டிருக்கிறது என்று எண்ணத் தயங்குகிறோம்.

நண்பருக்கு அன்று பதில் சொல்லவில்லை. டீக்கடையில் எழுந்தபோது அவரே கடைக்காரரிடம் கேட்டார்: "அண்ணே, தெர்மாமீட்டர் கம்பெனிக்கு எப்படிப் போறது?"

கடைக்காரர் எங்கள் இருவரையும் ஒருமுறை பார்த்தார். "அங்க பாக்க ஒண்ணும் இல்லையே தம்பி. குணா கேவ் போயிட்டீங்களா?" என்றவர், பாக்கிச் சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டுத் தணிந்த குரலில், "செயின்ட் மேரிஸ் ரோட்ல நேரா போங்க" என்றார்.