நாந்த் நகரத்து டிராமும் நாற்காலி இழந்த மேயரும்

சென்னையில் 1953 ஏப்ரலில் டிராம் நின்றது. கான்பூரில் அதற்கும் இருபது வருஷம் முன்னால், 1933இலேயே கதை முடிந்துவிட்டது. டெல்லியில் 1963, பம்பாயில் 1964. கல்கத்தா மட்டும் விடாப்பிடியாக ஓட்டிக்கொண்டிருந்தது. அங்கேயும் 2024 செப்டம்பரில், மைதானத்துப் பகுதியை நினைவுச் சின்னமாக வைத்துக்கொண்டு மற்ற தடங்களை நிறுத்தப்போவதாக மாநில அரசு அறிவித்தது. ஆக, டிராம் என்றாலே நமக்குத் தாத்தா காலத்துச் சமாச்சாரம். தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்த ஊர் மறுபடியும் அதைக் கொண்டுவந்து போடுமா என்று கேட்டால் சிரிப்போம்.

போட்ட ஊர் ஒன்று உண்டு. பிரான்சின் மேற்கே, லுவார் நதிக்கரையில் இருக்கும் நாந்த். ‘எண்பது நாளில் உலகைச் சுற்றி’ எழுதிய ஜூல்ஸ் வெர்ன் பிறந்த ஊர் என்றால் சிலருக்கு உடனே பிடிபடும். பெரிய நகரம் இல்லை. 1980களின் தொடக்கத்தில் நகர எல்லைக்குள் சுமார் 2.4 லட்சம் பேர். நம் கணக்கில் ஒரு மாவட்டத் தலைநகரம், அவ்வளவுதான். நாம் பிழைக்க வந்திருக்கும் ஊர்களில் எல்லாம் மெட்ரோத் தூண்கள் முளைத்துவரும் இந்நாளில், இந்தச் சின்ன ஊரின் கதையை நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு வெகுநாளாக ஆசை.

டிராம் விஷயத்தில் நாந்துக்குப் பழைய பெருமை உண்டு. 1879இல் அங்கே ஓடிய டிராமைக் குதிரையும் இழுக்கவில்லை, நீராவியும் இழுக்கவில்லை. அழுத்தி அடைத்த காற்று இழுத்தது! மெகார்ஸ்கி என்ற பொறியாளரின் ஏற்பாடு. வண்டியில் உருளைகளில் காற்றை நிரப்பிவிடுவார்கள். விரியும்போது காற்று குளிர்ந்து உறைந்துவிடக் கூடாதே என்று அதைச் சுடுநீருக்குள் செலுத்திச் சூடாக்கி எஞ்சினுக்கு அனுப்புவார்கள். கிட்டத்தட்ட நாற்பது வருஷம், 1917 வரை இந்தக் காற்று வண்டி ஓடியது. 1913 முதல் மின்சார டிராம். பிறகு பஸ்ஸும் காரும் வந்தன, எல்லா ஊரிலும் நடந்ததுதான் நடந்தது. 1958 ஜனவரியில் கடைசி டிராம் ஷெட்டுக்குப் போனது. 1970களுக்கு வரும்போது பிரான்ஸ் முழுவதும் தேடினாலும் லில், மார்செய், செந்த் எத்தியேன் ஆகிய மூன்று ஊர்களில்தான் பழைய டிராமின் மிச்சம் ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம் 1973இல் எண்ணெய் நெருக்கடி. பெட்ரோலை நம்பிக் கட்டிய ஊர்களுக்கெல்லாம் வயிற்றைக் கலக்கியது. 1975இல் போக்குவரத்துத் துறையின் துணை அமைச்சர் மார்செல் கவாயே எட்டு நகரங்களின் மேயர்களுக்குக் கடிதம் எழுதினார். தரையோடு ஓடும் நவீன டிராமைப் பற்றி யோசியுங்கள் என்பது அதன் சாரம். பொர்தோ, கிரெனோபிள், நான்சி, நீஸ், ருவான், ஸ்ட்ராஸ்பூர், தூலோன், தூலூஸ் என்று எட்டு ஊர்கள். பட்டியலில் நாந்த் இல்லை! அழைப்பு வராத கல்யாணத்துக்குத் தானாகப் போய் முதல் பந்தியில் உட்கார்ந்த ஊர் அது.

பணத்துக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். அங்கே ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. ஒன்பது பேருக்கு மேல் வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனங்கள், தாங்கள் கொடுக்கும் சம்பளத்தில் ஒரு சிறு சதவீதத்தை ஊர்ப் போக்குவரத்துக்கென்று அப்போது வரியாகக் கட்ட வேண்டியிருந்தது. 1971இல் பாரிஸில் தொடங்கி, 1973 முதல் மற்ற பெரிய ஊர்களுக்கும் வந்தது. தொழிலாளி நேரத்துக்கு வேலைக்கு வந்து சேர்வதில் முதலாளிக்கும் லாபம் உண்டு, ஆகவே அவரும் பங்கு போடட்டும் என்ற நியாயம். இந்த ஒரு வரி இல்லாவிட்டால் பிரான்சில் எந்த டிராமும் திரும்பி வந்திருக்காது என்பது என் அபிப்பிராயம்.

1977இல் நாந்தின் மேயரானவர் சோஷலிஸ்ட் கட்சியின் அலென் ஷெனார். டிராம் போட்டே தீருவது என்று நின்றவர் அவர்தான். கிழக்கிலிருந்து மேற்காக சுமார் பத்தரை கிலோமீட்டர். தடத்தைத் தேர்ந்தெடுத்த விதம்தான் கெட்டிக்காரத்தனம். நாந்த் ஒரு காலத்தில் நதிக் கிளைகள் நடுவே ஓடிய ஊர். 1920, 30களில் அந்தக் கிளைகளை மண் போட்டு மூடி அகலமான சாலைகளாக்கிவிட்டார்கள். ஜூல்ஸ் வெர்ன் பிறந்த ஃபெய்தோ தீவுக்குப் பெயரில் மட்டும்தான் இன்று தீவு. அதை அடுத்து நதி ஓடிய இடத்தில் இப்போது டிராம் ஓடுகிறது. மேற்கே, துறைமுகக் கரையில், 1955 வரை பெரிய ரயிலே தெருவோடு போய்க்கொண்டிருந்தது. அதைச் சுரங்கத்துக்குள் இறக்கிய பிறகு இடம் மிச்சம். வீடு இடிக்காமல், மலை குடையாமல் பாதை கிடைத்துவிட்டது.

இருந்தும் ஊர் கொதித்தது. தண்டவாளம் போடுவது சும்மா இரண்டு கம்பியைப் பதிக்கும் வேலை இல்லை. போட்ட பிறகு அடியில் தோண்ட முடியாது. அதனால் குடிநீர்க் குழாய், கேஸ் குழாய், சாக்கடை, டெலிபோன் கேபிள் எல்லாவற்றையும் முதலில் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். தெரு மாதக்கணக்கில் பள்ளமும் மேடுமாகக் கிடக்கும். கடைக்காரருக்கு வியாபாரம் படுக்கும், கார் நிறுத்த இடம் போகும். டிராம் தரும் சுகம் மூன்று வருஷம் கழித்து, தூசியும் சகதியுமோ இன்றைக்கே. 1983 மார்ச்சில் நகராட்சித் தேர்தல் வந்தபோது நாந்த் அந்தச் சகதிக் கட்டத்தில்தான் இருந்தது.

ஷெனார் தோற்றார். டிராமை எதிர்த்துப் பேசிய வலதுசாரி மிஷெல் ஷோட்டி மேயரானார். டிராம்தான் ஷெனாரைக் கவிழ்த்தது என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அது முழு உண்மையாகப் படவில்லை. அந்த மார்ச்சில் இடதுசாரிகள் நாடெங்கும் பல ஊர்களைக் கோட்டைவிட்டார்கள். டிராமுக்கும் அதில் ஒரு பங்கு இருந்தது என்று சொல்லலாம், அதற்கு மேல் சொல்ல மாட்டேன். ஆனால் தேர்தலை மனதில் வைத்து வேலையை இரண்டு வருஷம் தள்ளிப்போட அவரால் முடிந்திருக்கும். அவர் தள்ளவில்லை. தள்ளியிருந்தால், நாற்காலி தப்பியிருக்குமோ என்னவோ, டிராம் தப்பியிருக்காது.

ஏனென்றால் புது மேயரால் வேலையை நிறுத்த முடியவில்லை. அதற்குள் வேலை பாதிக்கிணறு தாண்டியாயிற்று. 1985 ஜனவரி 7 அன்று ஆலூஷேர் என்ற இடத்திலிருந்து நகர நடுவே உள்ள கொமெர்ஸ் வரை பயணிகளுடன் வண்டி ஓடியது. அடுத்த மாதம் மேற்கே பெல்வ்யூ வரை நீண்டது. விதைத்தவர் வெளியே, எதிர்த்தவர் மேயர் நாற்காலியில். ஊர் ஜனங்களோ, அவர் யார் இவர் யார் என்று பார்க்காமல் வண்டியில் ஏறிவிட்டார்கள்.

வண்டியில் குறை இல்லாமல் இல்லை. தளம் உயரம், படி ஏற வேண்டும். சக்கர நாற்காலிக்காரருக்கும் நம் வீட்டுப் பாட்டிமாருக்கும் கஷ்டம்தான். பின்னாளில் ஒவ்வொரு வண்டியின் நடுவிலும் தாழ்தளப் பெட்டி ஒன்றைச் சேர்த்துச் சரிசெய்தார்கள். இந்தப் பாடத்தை முதலிலேயே படித்துக்கொண்ட ஊர் கிரெனோபிள். அங்கேயும் டிராமை ஆரம்பித்த மேயர் 1983இல்தான் தோற்றார். புதிதாக வந்த அலென் காரின்யோன் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ளாமல் ஜனங்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார். சுமார் 53 சதவீதம் பேர் வேண்டும் என்றார்கள். மாற்றுத்திறனாளிகள் சங்கங்கள் போராடியதால் அங்கே 1987இல் ஓடிய வண்டி தாழ்தளத்தோடே வந்தது.

ஸ்ட்ராஸ்பூரில் கதை தலைகீழ். நிலத்தடியில் டிரைவர் இல்லாமல் ஓடும் குட்டி மெட்ரோதான் வேண்டும் என்றார் அங்கிருந்த மேயர். டிராம் என்றார் எதிரணியின் கத்ரீன் த்ரோத்மன். 1989இல் அந்த அம்மையார் ஜெயித்தார். நகரின் நடு மையமான கிளேபர் சதுக்கத்தில் 1992இல் கார்களை நிறுத்தினார், 1994 நவம்பரில் டிராமை ஓட்டினார். நாந்தில் ஓட்டைப் பறித்த அதே சங்கதி ஆறே வருஷத்தில் ஓட்டு வாங்கிக் கொடுத்தது பாருங்கள். நடுவில் மாறியது ஒன்றுதான்: ஓடுகிற டிராமை ஜனங்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். கொச்சி, லக்னோ, நாக்பூர் எல்லாம் தூண் மேல் ரயில் ஓட்டுகின்றன. கோழிக்கோட்டுக்கும் திருவனந்தபுரத்துக்கும் 2010களில் பேசிய லைட் மெட்ரோவும் பெரும்பாலும் தூண் மேல்தான். தூணின் சௌகரியம் எனக்குப் புரிகிறது. காருக்குக் கீழே வழி அப்படியே இருக்கும், யாரோடும் சண்டை இல்லை. அதற்கு விலையைப் பணமாகக் கொடுக்கிறோம். மேலே ஏறி இறங்கும் முழங்கால்களும் கொடுக்கின்றன. சிறு நகரங்களுக்கென்று தரையோடு ஓடும் ‘மெட்ரோலைட்’ முறையை 2019இல் மத்திய அரசு வகுத்துக் கொடுத்தது. காகிதத்தில் அது மலிவு. தெருவில் இறக்கும்போதுதான் எந்தக் கடைக்கு முன்னால், எந்த கார் வரிசையை எடுப்பது என்ற கேள்வி வரும். அதற்கு ஒரு ஷெனார் தேவைப்படுவார்.

நாந்தில் அந்தக் கேள்வி இரண்டாவது தடத்தில் முழுசாக வந்தது. 1989இல் இடதுசாரிகள் மறுபடி ஜெயித்து ழான்-மார்க் ஏரோ மேயரானார். பின்னால், 2012இல், பிரான்சின் பிரதமரானவர். அவர் காலத்தில் 1992இல் வடக்கு-தெற்காக இரண்டாவது தடம் ஓடத் தொடங்கியது. அது நகர நடுவே ‘ஐம்பது பிணைக்கைதிகள்’ சாலை வழியாகப் போக வேண்டியிருந்தது. 1941இல் ஜெர்மானியர் சுட்டுக் கொன்ற பிணைக்கைதிகளின் நினைவாகப் பெயரிட்ட சாலை. ஒரு காலத்தில் எர்த்ர் ஆறு ஓடிய இடம். ஆற்றை மூடிக் கார்களுக்குக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கார்களை ஒரு ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு, நடுவில் டிராமுக்கும் இரு பக்கமும் நடப்பவர்களுக்கும் இடம் விட்டார்கள். 2000த்தில் மூன்றாவது தடமும் வந்தது. மூன்று தடங்களும் கொமெர்ஸ் நிறுத்தத்தில் சந்திக்கின்றன, 1985இல் முதல் வண்டி வந்து நின்ற அதே இடத்தில்.