பெயரில்லாதார்க்கு ஒரு பத்திரிகை

ஒரு ஜனக் கூட்டத்திற்குப் பத்திரிகை எதற்கு என்று நம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை. 1925-ம் வருஷம் மே மாதம் ஈரோட்டில் "குடி அரசு" தோன்றிற்று. 1929-ம் வருஷக் கடைசியில் அதன் ஆசிரியர் ஈ. வெ. ராமசாமி பினாங்கில் வந்திறங்கினார். 1935-ல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி "தமிழ் முரசு" தொடங்கினார். லயத்து வாசலில் ஒருவர் படிக்கப் பலர் கேட்டனர். கூலி என்றே பிறர் அழைத்த நம்மைத் தோழர் என்றும் தமிழர் என்றும் விளித்தவை இத்தகைய பத்திரிகைகளே. இது நினைவிருக்குமாயின், நம்மினும் பழிக்கப்பட்ட ஒரு கூட்டத்தாரின் பத்திரிகைச் சரித்திரத்தையும் நாம் பொறுமையோடு கேட்கலாம். தன்பாலாரையே நேசிப்போரையும் திருநங்கையரையும் குறித்தே சொல்லுகின்றோம்.

1947-ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், சினிமாக் கம்பெனியொன்றில் தட்டெழுத்து வேலை பார்த்த ஓர் இளம்பெண், ஆபீஸ் இயந்திரத்திலேயே கார்பன் காகிதம் வைத்து "வைஸ் வெர்சா" என்னும் பத்திரிகையை அடித்தார். பிற்காலத்தில் லிசா பென் என்ற புனைபெயரால் அறியப்பட்டவர் இவரே. ஒவ்வோர் இதழுக்கும் ஏறக்குறைய பத்துப் பிரதிகள், விலையில்லை, கைக்குக் கை மாறும். 1948 பிப்ரவரியோடு ஒன்பது இதழ்களில் அது நின்றுவிட்டது. பத்துப் பிரதி ஒரு பத்திரிகையா என்று நகைப்போர், நம் கிராமங்களில் கையெழுத்துப் பத்திரிகை நடத்திய வாலிபர்களையும் நகைக்கட்டும்.

நம் தாய்நாட்டுப் பக்கம் வந்தால், 1990-ல் பம்பாயில் அசோக் ராவ் கவி "பாம்பே தோஸ்த்" என்னும் பத்திரிகையை ஆரம்பித்தார். அச்சமயம் 1860-ம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ம் பிரிவு அமலில் இருந்தது. ஊர்ப்பெயரும் உறவும் தெரிந்தால் வீட்டை விட்டே துரத்தப்படுவோம் என்று அஞ்சியவர்கள், தம்போல் வேறொருவரும் உண்டு என்பதை அதன் பக்கங்களில் கண்டனர். அதைச் சுற்றிக் கூடியவர்களிடமிருந்து 1994-ல் "ஹம்சஃபர்" என்னும் சங்கம் பிறந்தது. முதலில் பத்திரிகை, பிறகு சங்கம். நம் இயக்கங்களின் வழியும் பெரும்பாலும் இதுவேயன்றோ?

பினாங்கில் அவ்வாறு நிகழாததேன் என்று கேட்கலாம். பம்பாயில் இருந்த அதே சட்டந்தான் இங்கும் வந்தது. இந்தியச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு 1871-ல் ஜலசந்திக் குடியேற்றங்களுக்கு வெள்ளையர் இயற்றிய தண்டனைச் சட்டம் பினாங்கையும் ஆண்டது. 2018 செப்டம்பர் 6-ந் தேதி, வயது வந்தோர் இருவர் மனமொத்துச் செய்வது குற்றமன்றென இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022-ல் சிங்கப்பூர்ப் பார்லிமெண்ட் தன் 377ஏ பிரிவை ரத்துச் செய்ய வாக்களித்தது. மலேசியாவிலோ 377ஏ, 377பி பிரிவுகள் இருபது வருஷம் வரை சிறையும் பிரம்படியும் விதித்து நிற்கின்றன. போதாக்குறைக்கு, 1984-ம் வருஷத்து அச்சகச் சட்டப்படி பத்திரிகை நடத்த உள்துறை மந்திரியின் அனுமதி வேண்டும். குற்றவாளி என்று சட்டம் சொல்லும் ஒருவர் எந்தப் பெயரில் மனுப் போடுவது?

காகிதம் மட்டுமல்ல, படமும் நிலைக்கவில்லை. 2018 ஆகஸ்டில் ஜார்ஜ் டவுன் திருவிழாவில், தேசியக் கொடியுடன் நின்ற மலேசியர்களின் புகைப்படக் காட்சியொன்று நடந்தது. அதிலிருந்து திருநங்கை நிஷா அயூப், பாங் கீ தெய்க் ஆகிய இருவரின் படங்கள் மட்டும் மந்திரி முஜாஹித் யூசோப் ராவாவின் உத்தரவால் அகற்றப்பட்டன.

சொல்லின் கதை தனி. சென்னை உயர் நீதிமன்றம் வற்புறுத்தியதன் பேரில், இவர்களை மரியாதையோடு குறிக்கும் தமிழ்ச் சொற்களின் பட்டியலைத் தமிழ்நாட்டு அரசு 2022-ல் அரசிதழில் வெளியிட்டது. அதற்குப் பின்னும் பழைய கேலிச் சொற்களை நம்மவர் விட்டபாடில்லை. ஒட்டுக்கடையில் ஒருவர் அச்சொல்லை உரக்கச் சொல்லிச் சிரிக்கையில், பக்கத்து மேசையில் தேநீரைக் குடித்து முடிக்காமலே எழுந்து போகிறவர் நம் தோட்டத்துப் பிள்ளையாகவே இருக்கலாம்.