கேமரன் மலையும் அடிவாரமும்: மார்ச் முதல் மே வரை வானிலை எப்படி இருக்கும்?

நம் நாட்டில் வசந்த காலம் என்று தனியாக ஒன்று இல்லை. ஆனால் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அதைப் போன்ற ஒரு பருவம் தெரியும். பிப்ரவரி வாக்கில் ரப்பர் மரங்கள் இலையை உதிர்த்துவிட்டு, அடுத்த சில வாரங்களில் இளந்தளிர் விடும். வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்து, தென்மேற்குப் பருவக்காற்று தொடங்குவதற்கு முன் வரும் இடைக்காலம் இது. பொதுவாக மார்ச் பிற்பகுதியில் தொடங்கி மே நடுப்பகுதி வரை நீடிக்கும்.

சித்திரைப் புத்தாண்டும் திருமணங்களும் வருகின்ற இந்த மாதங்களில் உறவினர்களைப் பார்க்கவும் விடுமுறைக்காகவும் பலர் கேமரன் மலைக்குப் போகிறார்கள். ‘காலையில் நல்ல வெயில், பயமில்லை’ என்று நினைத்துப் புறப்படுபவர்கள் இக்காலத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

கத்திரி வெயில் கணக்கு

மே மாதம் அக்னி நட்சத்திரம், அப்போதுதான் வெயில் உச்சம் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அது தமிழ்நாட்டு வானிலைக்கு ஏற்ற கணக்கு. தீபகற்ப மலேசியாவின் வட மாநிலங்களில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரைதான் வெப்பம் அதிகம். நாட்டில் பதிவான மிக உயர்ந்த வெப்பநிலையான 40.1 பாகை செல்சியஸ், 1998 ஏப்ரல் 9ஆம் தேதி பெர்லிஸ், சுப்பிங்கில் பதிவானது. அது கடுமையான எல் நினோ நிலவிய காலம்.

கேமரன் மலையில் நிலைமை வேறு. அங்கு ஆண்டுக்கு இரண்டு முறை மழை உச்சத்தைத் தொடுகிறது. ஒன்று ஏப்ரல், மே மாதங்களில். மற்றொன்று அக்டோபர், நவம்பரில். சித்திரை மாதம் மலையில் மழை மாதம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு?

ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6 பாகை குறையும். தானா ராத்தா சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. தாப்பாவில் பகல் வெப்பம் 33, 34 பாகையாக இருக்கும்போது, ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தள்ளியுள்ள தானா ராத்தாவில் 23 பாகைதான் இருக்கும். இரவில் அங்கு 15, 16 பாகைக்கு இறங்கும். நாட்டின் மிகக் குறைந்த வெப்பநிலையும் கேமரன் மலையில்தான் பதிவானது: 1978 பிப்ரவரி 1ஆம் தேதி, 7.8 பாகை.

ஒரு நாள் எப்படிப் போகும்?

இடைக்காலத்தில் காற்று பலமாக இருக்காது, திசையும் மாறிக்கொண்டே இருக்கும். ஏப்ரல் தொடக்கத்தில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. நம் கடிகாரப்படி பிற்பகல் 1.15 மணியளவில் வெயில் உச்சம். சூடான ஈரக்காற்று தித்திவங்சா மலைச்சரிவில் ஏறிக் குளிர்ந்து, கருமேகமாகத் திரளும். பிற்பகலிலும் மாலையிலும் இடி, மின்னல், பலத்த காற்றுடன் மழை கொட்டும். ஒரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடலாம். இரவு வரையும் நீடிக்கலாம்.

காலையில் வானம் தெளிவாக இருப்பது மாலை மழைக்கு எதிரான அறிகுறி அன்று. காலை வெயில்தான் மாலை மழைக்கு அடுப்பு மூட்டுகிறது.

மலையில் மழை, ஆற்றில் வெள்ளம்

மலையின் மேற்குச் சரிவில் பெய்யும் மழைநீர் பேராக் பக்கமும், கிழக்குச் சரிவு நீர் பகாங் பக்கமும் இறங்குகிறது. அடிவாரத்தில் துளி மழை இல்லாதபோதும் ஆற்றில் திடீரென நீர் பெருகி வரலாம். மலாயில் ‘கெப்பாலா ஆயர்’ என்று சொல்வது இதைத்தான். 2021 ஆகஸ்டில் கெடா, குனோங் ஜெராய் அடிவாரத்தில் இப்படி வந்த வெள்ளம் உயிர்களைப் பறித்தது. 1996 ஆகஸ்ட் 29ஆம் தேதி கம்பார் அருகே போஸ் டிப்பாங்கில் சேறும் மரங்களும் கலந்து இறங்கிய வெள்ளத்தில் 44 பேர் மாண்டனர். இரண்டும் ஆகஸ்டில் நடந்தவை. ஆனாலும் மலையில் கனமழை பெய்யும் எந்த மாதத்திலும் இதே ஆபத்து உண்டு.

அருவியிலோ ஆற்றிலோ குளிக்கும்போது நீர் கலங்கினால், இலை, குச்சி மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால், பொருள்களைத் தேடி நிற்காமல் உடனே கரையேறி மேட்டுக்குப் போங்கள்.

எச்சரிக்கையை எப்படிப் படிப்பது?

மலேசிய வானிலை ஆய்வுத் துறை தன் இணையத்தளத்திலும் மைசுவாச்சா செயலியிலும் எச்சரிக்கைகளை வெளியிடுகிறது.

• இடியுடன் கூடிய மழை எச்சரிக்கை சில மணி நேரத்திற்கு மட்டுமே. காலையில் பார்த்ததோடு விடாமல் நண்பகலில் மீண்டும் பாருங்கள்.
• தொடர்மழைக்கு மூன்று நிலைகள்: மஞ்சள் (வாஸ்பாடா), ஆரஞ்சு (பூரோக்), சிவப்பு (பஹாயா).
• வெப்பத்திற்கும் மூன்று நிலைகள்: தொடர்ந்து மூன்று நாள் 35 முதல் 37 பாகை என்றால் முதல் நிலை, 37 முதல் 40 என்றால் இரண்டாம் நிலை, அதாவது வெப்ப அலை, 40க்கு மேல் மூன்றாம் நிலை.

கேமரன் மலை பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது. தாப்பா சாலையின் அடிவாரம் பேராக், பத்தாங் பாடாங் மாவட்டத்தைச் சேர்ந்தது. எனவே பயணம் போகிறவர்கள் இரண்டு மாநில எச்சரிக்கைகளையும் பார்க்க வேண்டும்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு

செம்பனைக் குலை வெட்டும் நீண்ட அலுமினியக் கழி, இடி இடிக்கும்போது கையில் இருக்கக் கூடாது. மின்னல் தெரிந்து 30 விநாடிக்குள் இடி கேட்டால், அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. வேலையை நிறுத்திக் கட்டடத்திற்குள் போவதே சரி. தனி மரத்தடி பாதுகாப்பன்று. தேயிலைத் தோட்டத்திலும் காய்கறிப் பண்ணையிலும் இதே விதிதான்.

சமவெளியில் வெயிலில் நிற்பவர்கள் தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டும். தலைசுற்றல், வாந்தி, குழப்பமான பேச்சு ஆகியவை வெப்ப பாதிப்பின் அறிகுறிகள். அப்படிப்பட்டவரை நிழலுக்குக் கொண்டுசென்று, உடலை நனைத்து, 999க்கு அழையுங்கள்.

மலைச்சரிவை ஒட்டிய லயத்து வீடுகளில் இருப்பவர்கள், மண்ணில் புது விரிசல், சாய்ந்த மரம், சரிவிலிருந்து கசியும் சேற்றுநீர் ஆகியவற்றைக் கண்டால் இரவுக்காகக் காத்திருக்க வேண்டாம். குடும்பத்தோடு வெளியேறிவிட்டு, பிறகு தகவல் சொல்லுங்கள்.

மலை ஏறுகிறவர்களுக்கு

விடியற்காலையில் புறப்பட்டு, நண்பகலுக்குள் மேலே சேருங்கள். அன்றே திரும்புவதாக இருந்தால் பிற்பகல் 2 மணிக்குள் இறங்கத் தொடங்குங்கள். மழை பிடித்துவிட்டால் சரிவோரத்தில் வண்டியை நிறுத்த வேண்டாம். ஊருக்குள் தங்கி, மழை விட்ட பின் சாலை நிலவரத்தை விசாரித்துக்கொண்டு இறங்குங்கள். வயதானவர்களும் குழந்தைகளும் உடன் வந்தால் கம்பளிச் சட்டையோடு ஒரு மழைக்கோட்டும் பையில் இருக்கட்டும்.