இரண்டு குச்சி, ஒரு நடுங்கும் கை

இந்த எபிசோடுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன டெஸ்ட். போன் கேமராவைத் திறந்து பத்து மடங்கு ஜூம் பண்ணுங்க. தூரத்துல தெரியுற ஒரு தண்ணி டேங்க்கை ஸ்க்ரீன் நடுவுல நிறுத்திப் பாருங்க. நிக்காது. மூச்சு விட்டா ஆடும், மூச்சைப் பிடிச்சாலும் நாடித்துடிப்புல ஆடும். இப்போ முழங்கையை ஜன்னல் கட்டையில வையுங்க. ஆட்டம் பாதியா குறைஞ்சிடும்.

அந்த ஜன்னல் கட்டைதான் இன்னைக்கு நம்ம ஹீரோ. சுடுறவங்க உலகத்துல இதுக்குப் பேரு ரெஸ்ட். நாம தாங்கின்னு வச்சுக்கலாம். நான் துப்பாக்கியைத் தொட்டதே இல்ல. ஆனா அமெரிக்காவுல கைத்துப்பாக்கியால வேட்டையாடுறவங்க வீட்டுலயே செஞ்சுக்கிற தாங்கிகளைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சப்போ, அதுக்குப் பின்னாடி 400 வருஷக் கதை இருக்குன்னு தெரிஞ்சது.

ஆரம்பம் ஐரோப்பா. 16-ஆம் நூற்றாண்டின் மஸ்கெட் துப்பாக்கிகள் பயங்கர கனம். சிப்பாய் ஒரு கையில துப்பாக்கி, இன்னொரு கையில கவைக்கோல் தூக்கிட்டு நடக்கணும். நுனியில ரெண்டாப் பிரிஞ்ச ஒரு கம்பு, அவ்வளவுதான். அதைத் தரையில ஊன்றி, பிளவுல துப்பாக்கியை வச்சுச் சுடுவாங்க. 1607-இல் யாக்கோப் டெ கெய்ன் வரைந்து வெளியான டச்சுப் பயிற்சிப் புத்தகத்துல இந்தக் கவைக்கோலோட எப்படி நிக்கணும், எப்படிக் குண்டு போடணும்னு படிப்படியா படம் இருக்கு. துப்பாக்கிகளோட எடை குறையக் குறைய, 17-ஆம் நூற்றாண்டிலேயே படைகளிலிருந்து கவைக்கோல் மறைந்துபோனது.

மறுபடி அது பெரிய அளவுல தலைகாட்டினது அமெரிக்கச் சமவெளியில். கதை இங்கதான் கனமாகுது.

1871 வாக்கில் பைசன் தோலைப் பதப்படுத்தித் தொழிற்சாலைத் தோலாக்கும் வழி தெரிய வந்தது. மெஷின் பெல்ட்டுக்கு நல்ல கிராக்கி. ரயிலும் வந்தாச்சு. தோல் வேட்டைக்காரர்கள் ஷார்ப்ஸ் மாதிரியான கனமான ரைஃபிள்களோட கிளம்பினாங்க. அவங்க கையில இருந்த தாங்கி வெறும் ரெண்டு குச்சி. நடுவுக்கு மேல தோல்வாரால கட்டி, கத்திரி மாதிரி விரிச்சுத் தரையில ஊன்றுவாங்க. உட்கார்ந்த வாக்குல, 200 கஜத்துக்கும் அப்பாலிருந்து, மந்தையை நடத்துற பசுவை முதல்ல சுடுவாங்க. வழிகாட்டி விழுந்ததும் மத்ததெல்லாம் எங்க போறதுன்னு தெரியாம அங்கேயே சுத்தும். அப்புறம் ஒவ்வொண்ணா விழும்.

கோடிக்கணக்கில் இருந்த பைசன், 1889-இல் வில்லியம் ஹார்னடே கணக்கெடுத்தபோது மொத்த வட அமெரிக்காவிலும் ஆயிரம் சொச்சம்தான் மிச்சம். பைசனை நம்பி வாழ்ந்த சமவெளிப் பழங்குடிகளோட சாப்பாடு, கூடாரம், வாழ்க்கை எல்லாமே அதோட போச்சு. அந்தக் குச்சி இல்லாட்டியும் இது நடந்திருக்கும்தான். ஆனா வேலையைச் சுலபமாக்கினதுல அதுக்கும் பங்கு உண்டு.

இனி கைத்துப்பாக்கிக்கு வருவோம். 1935-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி .357 மேக்னம் ரிவால்வரைக் கொண்டுவந்தது. ஐடஹோ மாநிலத்து எல்மர் கீத் இன்னும் வலுவான .44 குண்டு வேணும்னு பல வருஷம் எழுதி எழுதியே நச்சரிச்சார். 1955-இல் .44 மேக்னம் வந்தது. 1967-இல் தாம்ப்சன் சென்டர் கம்பெனியோட கன்டெண்டர் வந்தது. ஒரே குண்டு போடுற கைத்துப்பாக்கி, குழலை மாத்திக்கலாம், ஸ்கோப் மாட்டலாம். மான் வேட்டைக்குத் தேவையான சக்தி கைக்குள்ள வந்தாச்சு. நடுக்கம் மட்டும் போகல.

ஏன்னு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ரைஃபிளை ரெண்டு கை, தோள், கன்னம்னு நாலு இடத்துல பிடிக்கிறோம். கைத்துப்பாக்கிக்குக் கை மட்டும்தான். அதுல முன் குறிக்கும் பின் குறிக்கும் இடைவெளி சுமார் 20 செ.மீ.ன்னு வச்சுக்குவோம். குறிகளை ஒண்ணாச் சேர்க்குறதுல 1 மி.மீ. பிசகினா, 50 மீட்டர் தள்ளிக் குண்டு 25 செ.மீ. விலகிப் போகும். குறி இடைவெளி 75 செ.மீ. உள்ள ரைஃபிள்ல அதே பிசகுக்கு 7 செ.மீ.கூட விலகாது. மானோட இதயமும் நுரையீரலும் இருக்குற பகுதி சுமார் 20 செ.மீ. அகலம்தான். அதனால அந்த 1 மி.மீ.க்கு என்ன விலைன்னு பார்த்தா, வயித்துலயோ கால்லயோ அடிபட்டு, காட்டுக்குள்ள ஓடி, மணிக்கணக்கா செத்துக்கிட்டிருக்கிற ஒரு மான்.

இதனாலதான் கைத்துப்பாக்கி வேட்டைக்காரங்க தாங்கி செய்ய ஆரம்பிச்சாங்க. பெருசா ஒண்ணும் இல்ல. பழைய ஜீன்ஸோட காலை வெட்டி, மணல் நிரப்பித் தைச்சா ஒரு பை. கடையில வாங்கின ரெண்டு மரக்குச்சியைச் சைக்கிள் ட்யூப் துண்டால கட்டினா அதே பழைய பைசன் குச்சி, உட்கார்ந்து சுடுற உயரத்துக்கு. மரத்துல முதுகைச் சாய்ச்சு முழங்காலை மடக்கினா, உடம்பே தாங்கி.

இதுல அவங்க பட்டுத் தெரிஞ்சுக்கிட்ட ரெண்டு விஷயம் எனக்குப் பிடிச்சது. ஒண்ணு, குழலைக் கெட்டியான மரத்து மேலயோ கல்லு மேலயோ நேரா வைக்கக் கூடாது. சுடும்போது துள்ளி, குண்டு வேற இடத்துக்குப் போகும். மெத்துன்னு ஏதாவது நடுவுல இருக்கணும், இல்லேன்னா கையைத் தாங்கி மேல வச்சுத் துப்பாக்கியைக் கையில பிடிக்கணும். ரெண்டு, ரிவால்வர்ல உருளைக்கும் குழலுக்கும் நடுவுல மெல்லிய இடைவெளி உண்டு. சுடும்போது சூடான வாயு அது வழியா பக்கவாட்டுல பீய்ச்சும். துணிப்பை அங்க இருந்தா கிழியும், விரல் இருந்தா விரல் போகும். அதனால அந்த இடத்துக்குத் தடிமனான தோல். 1970-களில் பரவின உலோக உருவச் சுடு போட்டிகள்ல மல்லாந்து படுத்து, காலையே தாங்கியா வச்சுச் சுட்டவங்களும் இதுக்காகக் கால்ல தோல் கட்டிக்கிட்டாங்க.

எல்மர் கீத்துக்கே மறுபடி வரேன். 600 கஜத்துல, ஏற்கெனவே காயம்பட்ட ஒரு மானை .44 மேக்னத்தால வீழ்த்தினேன்னு அவர் எழுதியிருக்கார். அது நிஜமா, சரியா, தப்பான்னு வேட்டைக்காரங்க இன்னும் சண்டை போடுறாங்க. அந்தச் சண்டைக்கு அடியில இருக்கிற கேள்வி தாங்கியைப் பத்தினதுதான்னு எனக்குத் தோணுது. தாங்கி கிடைச்சதும் நீ என்ன பண்ணுவ? முன்னாடி சுட்ட அதே 50 மீட்டர்ல இன்னும் துல்லியமா சுடுவியா, இல்ல 100 மீட்டருக்குத் தள்ளிப் போவியா?

எங்க தொழில்ல இதைத் தினமும் பார்க்கிறோம். சர்வர் வேகமாச்சுன்னா, அந்த மிச்சத்தைப் பாதுகாப்புக்குன்னு யாரும் விட்டு வைக்கிறதில்ல. உடனே இன்னும் நாலு ஃபீச்சர் ஏத்திடுவோம். பிழை பழைய அளவுக்கே திரும்பி வந்து நிக்கும்.

பைசன் காலத்துக் குச்சியும், இன்னைக்கு ஒருத்தர் தன் ஷெட்ல கட்டுற குச்சியும் ஒண்ணுதான். முதல்ல அது எண்ணிக்கைக்காகப் பயன்பட்டது. இப்போ, நல்ல வேட்டைக்காரர் கையில, "என் கை நடுங்கும், அதுக்கான விலையை அந்த மான் கொடுக்கக் கூடாது"ன்னு ஒத்துக்கிறதா இருக்கு. நல்ல தாங்கி இருந்தும், தூரம் அதிகம்னு தோணினா சுடாம எழுந்து வீட்டுக்கு வர்றவர்தான் அதைச் சரியாப் பயன்படுத்துறவர்.

நீங்க கேமராவோட காட்டுப் பக்கம் போறவங்களா இருந்தா, ஜீப் ஜன்னல்ல லென்ஸுக்கு அடியில வைக்கிற பீன் பேக் ஞாபகம் வரும். அதுவும் இந்தக் குடும்பம்தான். அடுத்த தடவை அதை வைக்கும்போது இந்தக் கதையை நினைச்சுக்கோங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே.